வாயிரும்பும் தோல்கயிறும்: வக்கேரோ குதிரைக் கலையில் கற்றலின் படிகள்

நம் முன்னே மேசைமீது ஓர் இரும்புக் கருவி இருப்பதாக எண்ணிக்கொள்வோம். குதிரையின் வாய்க்குள் இடுவதற்காகச் செய்யப்பட்டது அது. அதன் குறுக்குக் கம்பியின் நடுவிலிருந்து சிறு கரண்டி போன்ற தகடு ஒன்று மேலெழுந்து நிற்கிறது. குதிரை அதனை வாயில் ஏற்கும்போது அத்தகடு நாவின்மேல் அமைந்து, அதன் தலைப்பகுதி மேலண்ணத்தின் அருகே நிற்கும். முதன்முறையாக இதனைக் காண்போர் வதைக்கருவி என்றே கருதுவர். அக்கருத்து முற்றிலும் பிழையானதன்று. பயிலாத கை ஒருமுறை வெடுக்கென இழுத்தாலும் அவ்விலங்கின் வாய் புண்ணாகிவிடும்.

இனி, இதே கருவியை வாயில் ஏற்ற முதிர்ந்த குதிரையொன்றைக் காண்போம். கடிவாள வார்கள் தளர்ந்து தொங்குகின்றன. மேலே அமர்ந்திருப்பவர் இடக்கை விரல்களைச் சற்றே அசைக்கிறார், குதிரை திரும்புகிறது. அவர் கையைச் சிறிது உயர்த்துகிறார்; குதிரை நிற்கிறது. கருவியில் பொருத்தப்பட்ட சிறு செப்பு உருளையைக் குதிரை தன் நாவால் தானே உருட்டிக்கொண்டிருக்கிறது. சுவர்க்கோழி கத்துவதைப் போன்ற மெல்லொலி எழுகிறது. அமைதியாக உள்ள குதிரையே இவ்வாறு உருளையோடு விளையாடும் என்பர்.

கருவி ஒன்றே. ஒரு கையில் அது வதை; மற்றொரு கையில் அது பேச்சு. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது பல ஆண்டுக் கல்வி. அக்கல்வி எவ்வாறு அமைந்தது, எம்மக்களிடம் தோன்றியது, அழியும் தறுவாயில் எவ்வாறு பிழைத்தது என்பவற்றையே இவ்வுரையில் நாம் ஆராயவிருக்கிறோம். குதிரையேற்றம் நம்மில் பெரும்பாலோர்க்குப் பழக்கமற்றதாக இருக்கலாம். எனினும் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோர்க்கும் கற்றலைக் கடமையாகக் கொண்டோர்க்கும் இம்மரபு சொல்லும் செய்தி அயலானதன்று.

வக்கேரோ யார்?

ஸ்பானிய மொழியில் ‘வாக்கா’ என்றால் பசு. மாடுகளைக் குதிரைமீதேறி மேய்ப்பவர் ‘வக்கேரோ’ எனப்பட்டார். இன்று உலகம் திரைப்படங்கள் வழியே அறிந்திருக்கும் அமெரிக்கக் கௌபாயின் ஆசான் இவரே.

அமெரிக்கக் கண்டங்களில் தோன்றிய பழைய குதிரையினங்கள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. 1519-இல் எர்னான் கோர்த்தேஸ் மெக்சிக்கோவில் தரையிறங்கியபோது 16 குதிரைகளைக் கொண்டுவந்தார். பின்னர் மாடுகளும் குதிரைகளும் கப்பல் கப்பலாக வந்து பெருகின. அவற்றோடு ஸ்பெயினின் குதிரையேற்ற முறையும் வந்தது. ஸ்பெயின் நாட்டின் பெரும்பகுதி 711 தொடங்கிப் பல நூற்றாண்டுகள் முஸ்லிம் அரசுகளின் ஆட்சியில் இருந்தது. வட ஆப்பிரிக்காவின் பெர்பர் வீரர்களிடமிருந்து ஸ்பானியர் ‘ஹினேத்தா’ என்னும் முறையைக் கற்றனர். அங்கவடியைக் குட்டையாகக் கட்டி, இலகுவாக அமர்ந்து, குதிரையை விரைந்து திருப்பும் முறை அது. வேலியற்ற வெளியில் அரைக்காடான மாடுகளைத் துரத்துவதற்கு இம்முறை மிகவும் பொருந்தியது.

இம்மரபு மிக நுண்ணிய வடிவம் பெற்றது கலிபோர்னியாவில். 1769-இல் சான் டியேகோவில் ஸ்பானியப் பாதிரிமார் முதல் சமயக் குடியிருப்பை நிறுவினர். 1823-க்குள் அத்தகைய குடியிருப்புகள் 21 ஆயின. ஒவ்வொன்றிற்கும் பெரும் மந்தைகள் இருந்தன. அவற்றைக் காக்க ஆளில்லை. பழங்குடியினர் குதிரையேறுவதை ஸ்பானியச் சட்டம் தடுத்திருந்தது. ஆயினும் தேவை சட்டத்தை வென்றது. பாதிரிமார் தம் குடியிருப்பில் வாழ்ந்த பழங்குடி மக்களுக்கே குதிரையேற்றம் கற்பித்தனர். கலிபோர்னியாவின் முதல் வக்கேரோக்கள் அவர்களே. தம் சொந்த நிலத்தில் உரிமையிழந்து, பிறர் மந்தையைக் காத்த அம்மக்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படவில்லை. இக்கலையின் வரலாற்றைப் பேசும்போது இதனை நாம் மறத்தல் தகாது.

அக்காலத்துக் கலிபோர்னியாவில் மாட்டிறைச்சியைவிடத் தோலும் கொழுப்புமே வணிகப் பொருள்கள். கடல்வழி வந்த வணிகர்கள் அவற்றைப் பெற்றுப் பிற பொருள்களைக் கொடுத்தனர். தோல் மிகுதியாகக் கிடைத்தது; காலமும் மிகுதியாக இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்தே இக்கலையின் கருவிகளையும் நிதானத்தையும் உருவாக்கின.

சொற்கள் தரும் சான்று

நம் ‘கடை’ என்னும் சொல் மலாய் மொழியில் ‘கெடாய்’ என வழங்குவதை நாம் அன்றாடம் காண்கிறோம். சொல் வேறொரு நாவில் ஏறும்போது ஒலி மாறுகிறது, பொருள் தங்குகிறது. வக்கேரோவின் சொற்களும் அவ்வாறே பயணம் செய்தன.

ஸ்பானியர் ‘வ’கரத்தைப் ‘ப’கரத்துக்கு நெருக்கமாக ஒலிப்பர். ஆகவே ‘வக்கேரோ’ ஆங்கிலேயர் செவியில் ‘பக்கரூ’ ஆயிற்று. ‘லா ரியாத்தா’ என்பது தோல்கயிற்றின் பெயர். அதில் ‘லா’ என்பது பெயருக்கு முன் வரும் வெறும் இடைச்சொல். ஆங்கிலம் பேசுவோர் இரண்டையும் ஒன்றாகக் கேட்டு ‘லாரியட்’ என்றனர். ‘தார் லா வுவெல்தா’, அதாவது ‘ஒரு சுற்றுக் கொடுத்தல்’ என்னும் தொடர் தேய்ந்து ‘டாலி’ என்றாயிற்று.

இவற்றுள் மிகச் சுவையான இணை ஒன்றுண்டு. இளங்குதிரையின் முகத்தில் வாயிரும்பு இல்லாமல் மாட்டும் கட்டுக்கு ‘ஹாக்கிமா’ என்று பெயர். இது ‘ஷகீமா’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது; ஆங்கிலத்தில் ‘ஹக்கமோர்’ ஆயிற்று. அக்கட்டோடு பிணைக்கப்படும் குதிரைமயிர்க் கயிற்றுக்கு ‘மெக்காத்தே’ என்று பெயர். இது மெக்சிக்கோவின் அஸ்தெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் கயிற்றைக் குறிக்கும் ‘மெக்கத்ல்’ என்பதிலிருந்து பிறந்தது. ஒரே குதிரையின் முகத்தில் அரபு உலகமும் பழைய மெக்சிக்கோவும் முடிச்சிட்டு நிற்கின்றன. பின்னர் வந்த அமெரிக்க மாட்டுக்காரர்கள் ‘மெக்காத்தே’யை அயர்லாந்துக் குடும்பப் பெயரைப் போல ‘மெக்கார்ட்டி’ என்று கேட்டு, அவ்வாறே எழுதவும் செய்தனர்.

இத்திரிபுகளைப் பிழை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவை ஒரு சான்றைத் தருகின்றன. ஏட்டிலிருந்து கற்றிருந்தால் எழுத்து வடிவம் நின்றிருக்கும். ஒலி இவ்வளவு சிதைந்திராது. இச்சொற்கள் செவிவழியே, வேலை நடுவே, புழுதியில் கைமாறியவை. ஆங்கிலம் பேசியவர் ஸ்பானியம் பேசியவரிடம் பக்கத்தில் நின்று கற்றார் என்பதற்குச் சொல்லின் சிதைவே சாட்சி.

குதிரையின் நான்கு வகுப்புகள்

இனிக் கல்வி முறைக்கு வருவோம். கலிபோர்னிய மரபில் குதிரையின் பயிற்சி படிப்படியாக அமைந்தது.

முதற்படி ஹாக்கிமா. ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு வயதில் குதிரைக்குப் பயிற்சி தொடங்கும். பதனிடாத மாட்டுத்தோலை வார்களாக்கிப் பின்னிய ‘போசால்’ என்னும் மூக்கு வளையம் அதன் முகத்தில் அமையும். நம் காளைகளுக்குப் போடும் மூக்கணாங்கயிறு மூக்கைத் துளைத்துச் செல்வது. போசாலோ மூக்கின் வெளியே தங்குவது. தாடையின் கீழ் அதன் முடிச்சில் ஏறத்தாழ 22 அடி நீளமுள்ள மெக்காத்தே சுற்றப்பட்டு, வார்களாகவும் நடத்திச் செல்லும் கயிறாகவும் பயன்படும்.

வாயில் இரும்பை ஏன் இடவில்லை? குதிரைக்கு இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரை பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. அப்பருவத்தில் வாய் நோவுற்றிருக்கும். நோகும் வாயில் இரும்பை வைத்துக் கற்பித்தால், குதிரை பாடத்தைக் கற்காமல் நோவைக் கற்கும். ஆகவே வாயைத் தொடாமலேயே நிற்றல், திரும்புதல், பின்னடைதல், கயிற்று வேலை ஆகிய அனைத்தையும் இப்படியிலேயே கற்பித்துவிடுவர்.

இரண்டாம் படியில் போசால் மெலிகிறது. தடித்த வளையத்துக்குப் பதிலாக மெல்லிய வளையம் வருகிறது. குதிரை நுட்பமான குறிப்பை உணரத் தொடங்கியபின் தடித்த கருவிக்குத் தேவையில்லை.

மூன்றாம் படி ‘தோஸ் ரியேந்தாஸ்’, அதாவது இரட்டை வார். இப்போதுதான் கரண்டித் தகடு கொண்ட வாயிரும்பு குதிரையின் வாயில் புகுகிறது. ஆனால் முதலில் அது வெறுமனே சுமக்கப்படுகிறது. வேலையெல்லாம் உள்ளே இருக்கும் மெல்லிய போசாலின் வாரால் நடைபெறும். திங்கள்கள் செல்லச் செல்ல, முதலில் போசால் வாரும் அதனைத் தொட்டு வாயிரும்பின் வாரும் அசைகின்றன. பழைய குறிப்பின் பொருளைப் புதிய குறிப்பு சிறிது சிறிதாக ஏற்கிறது. தெரிந்த மொழியின் வழியே தெரியாத மொழியைக் கற்பிப்பது போன்றது இது.

நான்காம் படி ‘பிரேனோ’, அதாவது முழுமையான கடிவாளம். இந்நிலையை அடைவதற்குள் நான்கு முதல் ஏழு ஆண்டுகள் கழிந்திருக்கும். இந்நிலையில் வாயிரும்பு இழுப்பதற்கான கருவியன்று, குறிப்புணர்த்தும் கருவி. அதன் எடையும் சமநிலையும் எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளன எனில், கை சற்றே அசைந்தவுடன், வார் இறுகுவதற்கு முன்பே, வாய்க்குள் கருவி நகர்வதைக் குதிரை உணர்ந்துவிடும். வார்களின் முனையில் சங்கிலி சேர்ப்பதும் அதன் எடை முன்னறிவிப்புத் தருவதற்காகவே. தண்டனை வருவதற்கு முன்பே செய்தி வந்துவிடுவதால் தண்டனைக்கு இடமே இல்லாமற் போகிறது.

இக்காலத்தில் பலர் முதற்படிக்கும் முன்னால், நடுவில் மூட்டுள்ள எளிய வாயிரும்பில் குதிரையைத் தொடங்குகின்றனர். வேறுபாடுகள் இருப்பினும் படிகளைத் தாண்டிச் செல்லலாகாது என்னும் விதி மாறவில்லை. அவ்விதியைப் புறக்கணித்து, கருவியின் அழகில் மயங்கி அதனை மட்டும் வாங்கிப் பயிலாத குதிரைக்கு மாட்டுவோர் கையில் அது குரங்கின் கைப் பூமாலையாகும். பூமாலைக்கு நோகாது; குதிரையின் வாய்க்கு நோகும்.

இப்படிகள் அனைத்திலும் கற்பிக்கும் முறை ஒன்றே. கை சிறிது கேட்கிறது. குதிரை விடை தேடுகிறது. சரியான திசையில் சிறு முயற்சி செய்தவுடன் கை தளர்கிறது. குதிரை கற்பது அழுத்தத்திலிருந்து அன்று. அழுத்தம் நீங்கும் அக்கணத்திலிருந்தே. தளர்த்துவதில் ஒரு நொடி பிந்தினால் தவறான பாடம் பதியும். காலத்தோடு தளர்த்துவதற்கு, எந்தக் கால் எப்போது தரையை விட்டு எழுகிறது என்பதைப் பாராமலேயே உடலால் உணர வேண்டும். ஊன்றிய காலை நகர்த்தச் சொல்வது இயலாததைக் கேட்பதாகும். எழுகின்ற காலுக்கே திசை காட்ட முடியும். ஆகவே குதிரை கற்பதற்கு முன்னே மனிதர் கற்க வேண்டியது மிகுதி.

கயிற்றின் இயல்பே முறையின் இயல்பு

வக்கேரோவின் மற்றொரு கருவி ரியாத்தா. ஒரு முழுத் தோலை வட்டமாக அறுத்து, சுருள் சுருளாக ஒரே நீண்ட வாராக எடுப்பர். அவ்வாரை இழுத்து நீட்டி, மயிர் களைந்து, ஒரே அளவாகச் சீவி, நான்கு, ஆறு அல்லது எட்டு இழைகளாகப் பின்னிக் கொழுப்பிட்டுப் பதப்படுத்துவர். நீளம் ஏறத்தாழ 60 அடி. அதற்கு மேலும் உண்டு.

இக்கயிற்றுக்கு ஒரு குறையுண்டு. திடீரென விழும் பளுவை அது தாங்காது. ஓடும் காளையின் கழுத்தில் சுருக்கு விழ, மறுமுனை சேணத்தில் இறுகக் கட்டப்பட்டிருந்தால், பதனிடாத தோல் அறுந்துபோகும். ஆகவே கலிபோர்னிய வக்கேரோ கயிற்றைக் கட்டுவதில்லை. சேணத்தின் முன்புறமுள்ள கொம்பில் சுற்றுகிறார். வேண்டிய அளவு நழுவ விடுகிறார். மெல்ல மெல்ல நிறுத்துகிறார். இதுவே நாம் முன்னர்க் கண்ட ‘டாலி’.

துறைமுகத்தில் பெருங்கப்பலின் வடத்தைக் கரையிலுள்ள தூணில் சுற்றி ஒருவர் பிடித்து நிறுத்துவதை நாம் கண்டிருக்கலாம். இதுவும் அதே இயற்பியல் விதி. உராய்வுக் குணகம் 0.3 எனக் கொண்டால், ஒரு முழுச் சுற்று கையின் பிடியை ஏறத்தாழ 6.6 மடங்காக்கும், இரண்டு சுற்று ஏறத்தாழ 43 மடங்காக்கும். எனவே சுற்றைக் கூட்டியும் குறைத்தும், பிடியை இறுக்கியும் தளர்த்தியும், ஒற்றைக் கையால் ஒரு காளையின் ஓட்டத்தை அளவோடு தணிக்க முடிகிறது. கொம்பின்மேல் வழவழப்பான தோலைச் சுற்றுவதும் கயிறு நழுவ வேண்டும் என்பதற்காகவே.

டெக்சாஸ் பகுதியில் வேறு முறை வளர்ந்தது. அங்கே புதர்க்காடுகள் மிகுதி. நீண்ட கயிற்றை வீச இடமில்லை. நார்க்கயிறு ஏறத்தாழ 30 அடி நீளத்தில் அமைந்தது; முனை கொம்பில் கட்டப்பட்டது. அதிர்ச்சி முழுவதும் சேணத்தில் விழுவதால் சேணம் பின்புறம் எழும்பாதிருக்க இரண்டு வயிற்று வார்கள் தேவைப்பட்டன. கலிபோர்னியச் சேணத்துக்கோ நடுவில் ஒரு வாரே போதும். கயிறு செய்த பொருள் மாறியபோது அதன் நீளம் மாறியது, பிடிக்கும் முறை மாறியது, சேணமும் மாறியது. கயிறு நழுவ இடமிருந்ததால் மாட்டின் கழுத்தும் குதிரையின் முதுகும் அதிர்ச்சியிலிருந்து காக்கப்பட்டன.

கயிறு பழகும் முறை

கயிறு வீசக் கற்பவர் குதிரைமீது தொடங்குவதில்லை. தரையில் நின்று, மரச்சட்டத்தால் செய்த பொய்மாட்டின்மீது பயில்வதே முதற்பாடம். பள்ளித் திடலில் ஒரு கயிற்றைக் கொண்டு நாமும் இதன் அடிப்படையை உணரலாம்.

முதலில் சுருள். எஞ்சிய கயிற்றை இடக்கையில் ஒரே அளவான சுருள்களாகச் சேர்க்க வேண்டும். ஒரு சுருள் மற்றொன்றின்மேல் ஏறியிருந்தால் வீசும்போது சிக்கும். அடுத்து வளையம். கயிற்றின் நுனியிலுள்ள சிறு கண்ணுக்கு ‘ஹோந்தா’ என்று பெயர். அதன் வழியே கயிறு ஓடுவதால்தான் சுருக்கு உண்டாகிறது. வளையத்தைப் பிடிக்கும் வலக்கையை ஹோந்தாவுக்கு மிக அருகில் வைத்தால் வளையம் சுற்றும்போது மூடிக்கொள்ளும். கைக்கும் ஹோந்தாவுக்கும் இடையே போதிய நீளம் விட்டால், அந்நீளமே வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் போல வளையத்தை விரித்து நிறுத்தும்.

பின்னர்ச் சுழற்றல். தோளின் வலிமை இங்குப் பயன்படாது. மணிக்கட்டின் திருப்பமே வேண்டும். விடும்போது கை, இலக்கைச் சுட்டிக்காட்டுவதுபோல் நீள வேண்டும். கயிறு கை காட்டிய இடத்துக்கே செல்லும். இறுதியில் தளர்வை இழுத்துச் சுருக்கை மூடுதல். புதியவர்கள் வீசுவதில் கருத்தூன்றி, மூடுவதை மறந்து விடுவர்.

வீச்சுகளும் பல. விடியற்காலையில் கூட்டமாய் நிற்கும் குதிரைகளுள் ஒன்றைப் பிடிக்க ‘ஹூலிஹான்’ என்னும் வீச்சைப் பயன்படுத்துவர். தலைக்குமேல் பலமுறை சுழற்றினால் கூட்டமே மிரளும். ஆகவே ஒரே சுற்றில் ஓசையின்றி வளையத்தை விட்டுவிடுவர். கன்றின் பின்னங்கால்களைப் பிடிக்கும் வீச்சிலோ, வளையம் கால்களுக்கு முன்னே நிமிர்ந்து நிற்க, கன்று தானே அதற்குள் அடியெடுத்து வைக்கும்.

இவை கைவந்தபின் குதிரைமீது ஏறலாம். ஆனால் குதிரையும் கயிற்றைக் கற்றிருக்க வேண்டும். கயிறு அதன் பின்னங்காலில் உரசும். வாலின் கீழே செல்லும். மிரண்டால் மேலிருப்பவர்க்கு உயிராபத்து. அதனால் முதலில் மரக்கட்டையை இழுத்துச் செல்லப் பழக்குவர். உயிருள்ள மாட்டை இழுப்பது அதற்கும் பின்னரே.

டாலி சுற்றும்போது ஒரு விதி தவறாது கற்பிக்கப்படும்: கட்டைவிரல் மேல்நோக்கி நிற்க வேண்டும். கீழ்நோக்கியிருந்தால் கயிற்றுக்கும் கொம்புக்கும் இடையே அது சிக்கும். மறுமுனையில் நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள காளை ஓடிக்கொண்டிருக்கும். இவ்விதியைப் பிழைத்து விரலை இழந்தோர் பலர். ஆகவேதான் வேகத்தை எவரும் முதலில் கற்பிப்பதில்லை. கண்ணால் பாராமலே கை கொம்பைத் தேடி, கட்டைவிரல் தானாகவே மேலெழும் வரை மெதுவாகவே பயிற்சி நடைபெறும்.

அழிவும் தொடர்ச்சியும்

இக்கலைக்குப் பெருங்கேடு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நேர்ந்தது. 1848-இல் கலிபோர்னியா அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வசமாயிற்று. 1851-இல் வந்த நிலச்சட்டம், பழைய உரிமையாளர் தம் நிலவுரிமையை நிறுவிக்காட்ட வேண்டும் என்றது. வழக்குகள் நீண்டன, செலவு பெருகியது, பல குடும்பங்கள் நிலத்தை இழந்தன. 1861–62-இல் பெருவெள்ளமும் அதனைத் தொடர்ந்து கொடிய வறட்சியும் வந்து மந்தைகளை அழித்தன. நிலமும் மாடும் போனபின் வக்கேரோவுக்கு வேலை ஏது?

கலை இடம்பெயர்ந்தது. 1872-இல் பீட் பிரெஞ்சு என்பவர் கலிபோர்னியாவிலிருந்து ஏறத்தாழ 1,200 மாடுகளுடன் ஓரிகன் மாநிலத்தின் தென்கிழக்குக்குச் சென்றபோது, மந்தையை ஓட்டிச் சென்றோர் வக்கேரோக்கள். நெவாடா, ஓரிகன், ஐடஹோ ஆகிய மாநிலங்களின் வறண்ட பெருவெளியில் மேய்ச்சல் நிலங்கள் பரந்து கிடந்தன. நோயுற்ற மாட்டை அங்கேயே பிடித்து மருந்திடவும், கன்றுகளைத் திறந்த வெளியில் பிடித்துக் குறி சுடவும் கயிறு தேவைப்பட்டது. தேவை இருந்த இடத்தில் கலை தங்கியது. ‘பக்கரூ’ என்னும் திரிந்த சொல் இன்றும் வழங்குவது அப்பகுதியிலேதான்.

கடல் கடந்தும் இக்கலை சென்றது. 1793-இல் கப்பல் தலைவர் வான்கூவர் ஹவாய் மன்னர் முதலாம் கமேஹமேகாவுக்கு மாடுகளைப் பரிசளித்தார். மாடுகளைக் கொல்வதற்கு மன்னர் தடை விதித்ததால் அவை பெருகிக் காட்டு மந்தைகளாயின. 1830களில் அவற்றை அடக்குவதற்குக் கலிபோர்னியாவிலிருந்து வக்கேரோக்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களிடம் கற்ற ஹவாய் மாட்டுக்காரர் ‘பனியோலோ’ எனப்பட்டனர். ‘எஸ்பான்யோல்’ என்பதன் திரிபே அச்சொல் என்பர். 1908-இல் வயோமிங் மாநிலத்தின் செயேன் நகரில் நடந்த புகழ்பெற்ற போட்டியில் ஹவாயைச் சேர்ந்த இகுவா பர்டி காளைக்குக் கயிறு வீசுவதில் முதலிடம் பெற்றார். மாணாக்கரின் மாணாக்கர் கண்டத்து வீரர்களை வென்ற நாள் அது.

இருபதாம் நூற்றாண்டில் இயந்திரங்களும் கம்பிவேலியும் பெருகியபோது, விரைவில் பழக்கிவிடும் முறைகளே எங்கும் பரவின. அச்சூழலில் பழைய நிதானத்தைக் காத்தவர் சிலர். ஓரிகனில் பிறந்த உடன்பிறப்புகளான பில் டாரன்ஸ் (1906–1999), டாம் டாரன்ஸ் (1910–2003) ஆகியோர் குதிரையின் நோக்கிலிருந்து சிந்திக்கும் முறையைக் கற்பித்தனர். டாமிடம் கற்ற ரே ஹண்ட் (1929–2009) ஊர் ஊராகச் சென்று பொதுப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். அவரிடம் கற்ற பக் பிரான்னமனைப் பற்றிய ஆவணப்படம் 2011-இல் வெளிவந்தது. தோல் பின்னும் கலையில் சிறந்த லூயிஸ் ஒர்த்தேகாவுக்கு 1986-இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருது வழங்கப்பட்டது. மெக்சிக்கோவில் இதே வேரிலிருந்து வளர்ந்த ‘சார்ரேரியா’ என்னும் குதிரைக் கலையை 2016-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

விருதுகளும் பட்டியல்களும் மதிப்பைத் தரும். எனினும் கலையைக் காத்தது அவை மட்டுமல்ல. ஒருவர் மற்றொருவர் பக்கத்தில் நின்று, படிகளைத் தாண்டாமல், கையிலிருந்து கைக்குக் கொடுத்ததே அதனைக் காத்தது.

நிறைவாக

இவ்வுரையின் தொடக்கத்தில் கண்ட முதிர்ந்த குதிரையிடம் மீண்டும் செல்வோம். அதன் கடிவாளத்தை உற்று நோக்கினால், அதற்குக் கீழே விரலினும் மெல்லிய ஒரு போசால் இருப்பது தெரியும். கல்வி முற்றிய குதிரைக்கு அது எதற்கு? அதனோடு பிணைத்த ஒரு தனிக்கயிற்றைக் கொண்டே வக்கேரோ கீழிறங்கிக் குதிரையை நடத்திச் செல்வார், கட்டியும் வைப்பார். வாயிரும்பின் வாரைப் பிடித்து அவர் இழுப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்து நுண்ணுணர்வு பெற்ற வாயை அன்றாட இழுப்புகளுக்கு உள்ளாக்கலாகாது என்பதே காரணம்.

முதல் வகுப்பில் தடித்திருந்த அவ்வளையம் படிப்படியாக மெலிந்ததேயன்றி முற்றிலும் அகன்றுவிடவில்லை. இறுதி வகுப்பிலும் அதுவே வாயைக் காக்கிறது. நம் வகுப்பறைகளில் எழுத்தும் எண்ணும் முதன்முதல் கற்பித்த ஆசிரியர்க்கும், அதனை எந்நாள் கற்றோம் என்பதையே மறந்துவிட்ட மாணவர்க்கும் இவ்வளையம் நினைவில் நிற்கத் தக்கது.